கல்லறையைச் சுற்றிப் போன வரிசை

2009ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 14ஆம் நாள், திங்கட்கிழமை. அன்று முற்பகலில், கரூ வறள்நிலத்தில் ரீட் ஆற்றங்கரையிலுள்ள பிட்டர்பட்ஸ் பண்ணைக்கு மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்து சேர்ந்தது. 'மேற்படி பண்ணையின் ஆற்றோரப் புதர்நிலம் முழுவதும் நடந்து பார்க்கப்பட்டது. ஆற்றுமுயல் ஒன்றும் காணப்படவில்லை. நிலத்தை உழுவதற்குத் தடையில்லை' என்று அதில் எழுதியிருந்தது. முறையீடு இதுதான்: அத்தாளின் முதல் வாக்கியம் பொய். முதல் வாக்கியம் பொய்யானபின் மற்ற இரண்டுக்கும் நிற்க இடமில்லை. அது பொய்யென்று அறிந்தே கீழே கையெழுத்திட்டவர்கள் பதினான்கு பேர். அவர்களுள் ஏழாவதாகக் கையெழுத்திட்டவள் ராகேல் வால்போய்.

ராகேலுக்கு ஐம்பத்தெட்டு வயது. அப்பண்ணையில் முப்பதாண்டுகள் ஆடு மேய்த்த அப்போல்ஸின் கைம்பெண். தாயை இழந்த ஆட்டுக்குட்டிகளுக்குப் புட்டியில் பாலூட்டி வளர்ப்பது அவளுடைய வேலை. வேலைக்காரர் குடியிருப்பின் ஐந்து வீடுகளில் மூன்றாவது அவளுடையது என்று சொல்லலாம், சொன்னால் பிழையாகும். வீடு வேலையோடு ஒட்டியது. வேலை, எல்லாரும் 'பாஸ்' என்றழைக்கும் பண்ணைக்காரர் வேய்னன்ட் ப்ளோமின் வாய்ச்சொல்லோடு ஒட்டியது.

முயலென்றால் உருகிப்போகிற நெஞ்சு அவளுக்குக் கிடையாது. காட்டுமுயலைத் தோலுரித்து, செம்மறியின் வால்கொழுப்பில் வதக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் தின்று வளர்ந்தவள் அவள். ஆனால் மிஷன் பள்ளியில் நான்கே ஆண்டுகள் படித்துத் தன் பெயரை எழுதக் கற்றிருந்தாள். திருமணப் பதிவேட்டிலும், மூன்று பிள்ளைகளின் ஞானஸ்நான ஏட்டிலும், கணவனின் இறப்புச் சான்றிலும் அப்பெயரை எழுதியிருந்தாள். அவற்றுள் எதுவும் பொய்யன்று. இப்பொழுது ஒன்று பொய்யாயிற்று.

அது நடந்த விதம் இது.

ஆற்றங்கரை என்றால் நீரோடும் ஆறன்று. ஆண்டில் சில நாள் மட்டும் கலங்கி ஓடிவிட்டு, மற்ற நாளெல்லாம் வண்டலாய்க் கிடப்பது ரீட் ஆறு. அந்த வண்டலில் மட்டும், முழங்காலுயரத்துக்குக் கன்னாப் புதர் அடர்ந்திருக்கும். அப்புதரன்றி வேறெங்கும் வாழாதது ஆற்றுமுயல். கால்களில் துணி சுற்றியதுபோல் மயிரடர்ந்திருப்பதால் ஊரார் அதைத் 'துணிக்கால்' என்பார்கள். வாயோரத்திலிருந்து காதை நோக்கிக் கரியால் கோடிழுத்தது போன்ற தாடை. பழுப்பு நிறத்தில் கம்பளி உருண்டை போன்ற வால். ஈன்றால் ஒரு குட்டி, மிஞ்சினால் இரண்டு. உலகத்திலேயே சில நூறுதாம் மீந்திருக்கின்றன என்று அலுவலகத்தார் சொல்கிறார்கள். ப்ளோமுக்கோ அந்த வண்டலில் குதிரைமசால் தீவனம் பயிரிட வேண்டும். உழாத நிலத்தை உழ அனுமதி வேண்டும்; அனுமதிக்கு முயல் கணக்கெடுப்பு வேண்டும். ஆகவே செப்டம்பர் 10ஆம் நாள், வியாழக்கிழமை, கேப் டவுனில் படித்த மிஸ் அடோனிஸ் என்னும் இளம் பெண்ணதிகாரி வந்திறங்கினாள்.

கணக்கெடுக்கும் முறை எளியது. பண்ணையாட்கள் பதினான்கு பேரும் கைக்கெட்டும் இடைவெளியில் வரிசையாக நிற்பார்கள். புதர்களைத் தடியால் தட்டிக்கொண்டு ஒரே சீராக முன்னேறுவார்கள். எது எழுந்தோடினாலும், அதன் வால் நிறத்தைக் கண்டவர் உரக்கக் கூவ வேண்டும். காட்டுமுயலென்றால் "வெள்ளை!" ஆற்றுமுயலென்றால் "பழுப்பு!" மிஸ் அடோனிஸ் வரிசையின் ஓரத்தில் நடந்தபடி குறித்துக்கொள்வாள்.

முற்பகல் பத்து மணிக்குள் மூன்று "வெள்ளை" கேட்டுவிட்டது. பிறகு வரிசை கல்லறையை அடைந்தது.

வேலைக்காரர்களின் கல்லறை ஆற்றங்கரையிலேயே இருக்கிறது. இடுப்பளவுக் கல்சுவர், உள்ளே இருபத்துமூன்று மேடுகள், மேடுகளுக்கிடையில் ஆடு கடிக்காத, விறகுக்கு வெட்டாத கன்னாப் புதர்கள். அங்கே தடியோடு எவரும் நுழைவதில்லை. நாயை விடுவதில்லை. சத்தமிடுவதில்லை. பழைய பாஸ், அதாவது வேய்னன்டின் தகப்பனார்கூட, நரிவேட்டை நாய்களைச் சுவரருகே சீழ்க்கையடித்துத் திருப்பிவிடுவார். ஆகவே ஒருவரும் சொல்லாமலே வரிசை நடுவில் பிளந்தது. ஏழு பேர் இடப்பக்கமும் ஏழு பேர் வலப்பக்கமும் சுற்றிப்போய் அப்பால் ஒன்றுசேர்ந்தார்கள்.

"உள்ளே பார்க்க வேண்டாமா?" என்றாள் மிஸ் அடோனிஸ்.

அப்போல்ஸின் தம்பி சாரெல்தான் ஆட்களுக்குத் தலைவன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு சொன்னான்: "அங்க படுத்திருக்கவங்க எந்திரிச்சு ஓட மாட்டாங்க, மிஸ். ஓடினா நாங்க அவங்களுக்கு முன்னாடி ஓடிடுவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அவள் தாளைப் பார்த்தாள். "முழுசும் நடக்கணும்னு விதி இருக்கே..."

"மிஸ்ஸோட அம்மா மேல நாங்க பதினாலு பேரு தடியால தட்டிக்கிட்டு நடந்தா மிஸ்ஸுக்கு எப்படி இருக்கும்?"

அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்தது. மரியாதை என்று நினைத்துத்தான் அவள் வாய்மூடினாள். அந்த மரியாதைதான் கணக்கைக் கெடுத்தது.

ராகேலும் வாய்மூடியிருந்தாள். அவளுடைய காரணம் வேறு.

ஐந்து நாளுக்கு முந்திய சனிக்கிழமை, வழக்கம்போல் கல்லறையைக் கூட்டப் போனபோது, அப்போல்ஸின் மேட்டுச் சரிவில் புதுமண் கிடந்ததைக் கண்டாள். அவன் இறந்து ஓராண்டு நிறையவில்லை. முதலாண்டில் மேட்டை மண்ணாகவே விட்டு, ஆண்டு நிறைவில் உறவினர் கூடி வெள்ளையடித்த கற்களைப் பாவுவதே அவர்கள் வழக்கம். இருபத்துமூன்று மேடுகளில் கல் பாவாதது அது ஒன்றுதான். அதன் பக்கத்தில் கையகலத்துக்கு மண்ணும் சுள்ளியும் வைத்து, கொத்தன் பூசியதுபோல் ஒரு துவாரம் அடைபட்டிருந்தது. கீரியென்று நினைத்து விரலை விட்டாள். மெத்தென்று மயிர் பட்டது. மயிருக்கடியில் ஏதோ வெதுவெதுப்பாக மூச்சுவிட்டது.

கையை வெளியே எடுத்தாள். குட்டியை உள்ளே விட்டு வாயைப் பூசிவிட்டுப் போவது துணிக்கால்தான் என்பது அவளுக்குத் தெரியும். அடைப்பை முன்போலவே வைத்தாள்.

கல்லறையில் விலங்கு குழி தோண்டுவது அக்குடிக்கு அவமானம். கண்டவர் அந்த நாழிகையே இறந்தவனின் ஆண்மக்களுக்கோ உடன்பிறந்தவனுக்கோ சொல்ல வேண்டும். அவர்கள் கல்லிட்டு இறுக்க வேண்டும். அவள் சாரெலிடம் சொல்லவில்லை. உயிரோடிருக்கிற ஒன்றைப் புதைக்க அவளுக்குக் கை வரவில்லை, அவ்வளவுதான். சொல்லாமல் விட்டது ஒரு பிழை. அந்தப் பிழையை மறைக்க வியாழனன்று வரிசையில் வாய்மூடி நடந்தது இரண்டாம் பிழை. மாலையில், அலுவலகத்துக்குப் போகும் தாளில் 'முழுவதும் நடந்து பார்க்கப்பட்டது' என்ற வாக்கியத்தின்கீழ்ப் பெயரெழுதியது மூன்றாவது.

திங்கட்கிழமை பாஸ் இரண்டு ஆடு வெட்டினார். கம்பளி வெட்டும் கொட்டகையின் முன்னே தணல் பரப்பி, விலாக்கறியும் தணல் ரொட்டியும் வெந்துகொண்டிருக்க, தாளை உயர்த்திப் பிடித்து வாசித்தார். இருபது ஹெக்டேர் குதிரைமசால். மூன்று பேருக்கு நிரந்தர வேலை. அடுத்த குளிர்காலத்துக்குள் ஐந்து வீடுகளுக்கும் புதிய தகரக் கூரை. கூரை என்ற சொல்லைக் கேட்டதும் பெண்கள் கைதட்டினார்கள். கைதட்டியதில் குற்றமில்லை, அங்கே குளிர்காலமான ஜூலை மாதத்துப் பனி அவ்வீடுகளுக்குள் ஒழுகுகிற விதத்தைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும்.

"பாஸ்," என்றாள் ராகேல். "அந்தத் தாளு தப்பு."

"என்ன தப்பு? எழுத்துப் பிழையா?"

"முழுசும் நடக்கல, பாஸ். கல்லறைக்குள்ள யாரும் போகல."

"கல்லறைய உழப்போறேன்னு யாரு சொன்னா? சுத்தி நரிவேலி போட்டுத் தர்றேன். அடியில கல்லு பாவி, எலி நுழையாத மாதிரி. உன் புருஷன் உயிரோட இருந்தப்பகூட அவ்வளவு பத்திரமா தூங்கியிருக்க மாட்டான்."

சிரிப்பு எழுந்தது. ராகேல் அது அடங்கும்வரை காத்திருந்தாள்.

"வேலிக்குள்ள மாட்டிக்கிட்டது என்னத்தத் திங்கும், பாஸ்? வெளியில இருக்கிற புதரையெல்லாம்தான் உழுதிடுவீங்களே."

"எது மாட்டிக்கும்?"

இனி மறைக்க வழியில்லை. "துணிக்கால். தாயும் குட்டியும். அப்போல்ஸ் மேட்டுல வளை வெச்சிருக்கு."

சாரெல் கையிலிருந்த கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்திவிட்டு எழுந்தான்.

"எங்கண்ணன் நெஞ்சுல மிருகம் குழி தோண்டுது. அதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருந்தியா நீ?"

அதுவரை 'அண்ணி, நீங்க' என்றே பேசிவந்தவன் அவன்.

"நெஞ்சுல இல்ல. பக்கத்துல. மேட்டுச் சரிவுல."

"அளந்து வேற பார்த்தியோ?"

அடுத்த வீட்டு டீனா விலாவெலும்பை உறிஞ்சியபடி சொன்னாள்: "ஏன் ராகேலக்கா, உம் புருஷன் செத்த பிறகும் வீட்ட வாடகைக்கு விடுறாராமே? மாசம் என்ன குடுக்குது அந்த முயலு?"

இம்முறை சிரிப்பு கொட்டகையின் தகரத்தில் மோதித் திரும்பியது. பாஸ் மட்டும் சிரிக்கவில்லை. அவர் ராகேலின் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். தாழ்ந்த குரல்தான் அப்பண்ணையில் எல்லாரும் அஞ்சும் குரல்.

"ராகேல், நீ இருக்கிற வீடு யாரோடது?"

"பாஸோடது."

"அந்த வீட்டுக்குள்ள இருக்கிற வாயி யாரோடது?"

"அது நான் வரும்போதே எங்கூட வந்தது, பாஸ்."

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரு துண்டுக் கறிகூட எவரும் கொடுக்கவில்லை.

அந்த வாரம் பகையின் வாரம். செவ்வாயன்று ஆட்டுக்குட்டிகளுக்குக் காய்ச்சி வைத்திருந்த பால்வாளி கவிழ்ந்து கிடந்தது. எந்த ஆடும் அத்தனை நேர்த்தியாகக் கவிழ்க்காது. புதனன்று நகரத்துக்கடைக்குப் போகும் லாரியில் ஏறப் போனவளை டீனாவின் கணவன், "இடமில்ல, முயலுக்கெல்லாம் முன்னாடியே சீட்டு போட்டாச்சு" என்று இறக்கிவிட்டான். லாரியில் நான்கு பேர்தாம் இருந்தார்கள். அவளுக்கு எதிரே வருகிறவர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். சாரெல் மட்டும் வழி மாற்றாமல் நேரே வந்து, "அடுத்த மாசம் பாவ வேண்டிய கல்ல இந்தச் சனிக்கிழமையே பாவப்போறேன். வெள்ளையடிச்சுக் காயவெச்சுட்டேன்" என்று அறிவித்துவிட்டுப் போனான்.

சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. கைப்பேசிக்குக் கோபுரத் தொடர்பு கிடைப்பது காற்றாலைக்குப் பின்னாலுள்ள குன்றின் உச்சியில்தான். ராகேல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள்.

"மிஸ், நான் பிட்டர்பட்ஸ் ராகேல். வரிசையில ஏழாவது ஆளு. நாங்க சொன்னது பொய்." வளையையும் குட்டியையும் கல்லையும் பற்றி மூச்சுவிடாமல் சொல்லி முடித்தாள்.

மறுமுனையில் தாள் புரளும் ஓசை கேட்டது. "ஆன்ட்டி, இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? கணக்கெடுப்பு முடிஞ்சு முத்திரை விழுந்துடுச்சு. இனிமே பண்ணைக்காரர் கூப்பிடாம நான் அவர் நிலத்துல கால் வைக்க முடியாது."

"நிலத்துக்கு யாரு கூப்பிட்டா? கல்லறைக்குக் கூப்பிடுறேன். எம் புருஷன் கல்லறைக்கு நான் போறதையும், எங்கூட விருந்தாளி வர்றதையும் எந்த பாஸும் தடுக்க முடியாதுன்னு சர்ச்சுல ஒரு வக்கீலு வந்து படிச்சுக் காட்டினாரு. அது பொய்யா?"

"பொய்யில்ல. சட்டம்தான்."

"அப்ப சனிக்கிழமை பத்து மணிக்கு வா. கையில பூ கொண்டா. விருந்தாளின்னு பார்த்தாலே தெரியணும்."

சனிக்கிழமை ஒன்பதரைக்கே சாரெல் தள்ளுவண்டியில் கற்களை ஏற்றிக்கொண்டு கல்லறைக்குள் நுழைந்தான். ராகேல் அவனுக்கு முன்பே வந்து, வளையின் வாய்க்கு முதுகைக் காட்டி, பாவாடையை விரித்து மண்ணில் உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு வெளியே டீனாவும் மற்றவர்களும் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தார்கள். வேடிக்கை பார்க்கிறவர்கள்கூடக் கல்லறைக்குள் கால் வைக்கவில்லை. அந்த ஒழுங்கை அவர்கள் மறக்கவில்லை.

"எந்திரி."

"அடுத்த மாசம் பாவு. குட்டி வெளிய வந்துரும். நானே கல்லு எடுத்துத் தர்றேன்."

"அதுவரைக்கும் ஊரே எங்கண்ணன எலிப்பொந்துன்னு சொல்லட்டுமா? டீனா வாயி சும்மா இருக்குமா?"

"உங்கண்ணன் இருந்தப்ப அவ வாயி சும்மா இருந்துச்சாக்கும்?"

"கேக்குது, ராகேலக்கா!" என்றாள் டீனா சுவருக்கு வெளியிலிருந்து.

சாரெல் ஒரு கல்லை எடுத்தான். ஓங்குவானென்று எல்லாரும் நினைத்தார்கள். அவன் குனிந்து, அவளுடைய பாவாடை விளிம்பின்மேல் அதை வைத்தான். அடுத்த கல்லை அதனருகே வைத்தான். அவள் எழுந்திருக்கவில்லை. அவன் கொத்தனின் பொறுமையோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, வெள்ளைக் கற்களை அவள் இடுப்பைச் சுற்றி அடுக்கத் தொடங்கினான். மடியில் ஒன்று. மடியில் இன்னொன்று. கல்லின் கனத்தில் அவள் கால் மரத்தது.

"உன்னையும் சேர்த்தே பாவிட்டுப் போறேன்" என்றான்.

"பாவு. எனக்கும் இடம் இங்கதானே."

அப்பொழுதுதான் பாஸின் பிக்கப் வண்டி வந்து நின்றது. அதன் பின்னாலேயே, சற்றுத் தொலைவில், மிஸ் அடோனிஸின் சிறிய கார் புழுதி கிளப்பிக்கொண்டு வந்தது. பாஸ் இறங்கிக் காரைத் திரும்பிப் பார்த்தார். கல்லுக்கிடையில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். வண்டியின் பின்புறத்தில் நரிவேட்டை நாய்கள் நான்கும் கம்பியைப் பிறாண்டிக்கொண்டிருந்தன.

"விருந்துக்கு ஆளு வருதுன்னு சொன்னாங்க," என்றார். "முயலு இருக்குன்னுதானே சொன்ன? வா, இப்பவே பார்த்துடுவோம். இருந்தா நாய்க்கு. இல்லாட்டி உனக்கு இருக்கு."

பின்கதவைத் திறந்துவிட்டார்.

நான்கு நாய்களும் சுவரைத் தாண்டின. எழுபதாண்டுகளாக எந்த நாயும் தாண்டாத சுவர் அது. வெளியே நின்றவர்களிடமிருந்து ஓர் ஓசை எழுந்தது; பேச்சன்று, மூச்சு. ஒரு நாய் குழந்தையொன்றின் மேட்டிலிருந்த கண்ணாடிச் சீசாவை உருட்டி உடைத்தது. இன்னொன்று சாரெலுடைய தாயின் சிலுவையருகே நின்று, முகர்ந்து, காலைத் தூக்கியது.

சாரெலின் கையில் அப்பொழுது ஒரு கல் இருந்தது. அது ராகேலின் மடிக்குப் போக வேண்டிய கல். நாயின் விலாவில் போய் விழுந்தது. நாய் அலறிக்கொண்டு சுருண்டது.

"டேய்!" என்றார் பாஸ். "அது பரிசு வாங்கின நாயிடா!"

"அது எங்கம்மா, பாஸ்!"

அடுத்த கல். அதற்கடுத்த கல். அண்ணனுக்காக வெள்ளையடித்துக் காயவைத்த கற்களை, தள்ளுவண்டியிலிருந்தும் ராகேலின் மடியிலிருந்தும் அள்ளி அள்ளி எறிந்தான். நாய்கள் புதருக்குள் சிதறின. அந்தக் கலவரத்தில், வடக்கு மூலையின் கன்னாப் புதரடியிலிருந்து ஒன்று எழுந்தது. நீண்ட காது. தாடையில் கரிக்கோடு. இரண்டே பாய்ச்சலில் மேடுகளைத் தாண்டி, வாயிலில் காகிதப் பூங்கொத்தோடு திகைத்து நின்ற மிஸ் அடோனிஸின் காலடியை உரசிக்கொண்டு, வறண்ட ஆற்றுக்குள் இறங்கி மறைந்தது. போகும்போது கடைசியாகத் தெரிந்தது வால். பழுப்பு வால். சுவருக்கு வெளியே நின்றவர்கள் அத்தனை பேரும் கண்டார்கள்.

ராகேல் எழ முடியாமல் உட்கார்ந்தபடியே கத்தினாள். "கூவுங்க! என்ன வாலு? பார்த்தீங்கல்ல? இப்பக் கூவுங்க!"

ஒருவரும் கூவவில்லை. டீனா தரையைப் பார்த்தாள். அவளுடைய கணவன் பாஸைப் பார்த்தான்.

"பழுப்பு" என்றாள் மிஸ் அடோனிஸ், மெல்லிய குரலில். பிறகு உரக்க, "பழுப்பு!"

பாஸ் நாய்களை வண்டியிலேற்றிக்கொண்டு போன பிறகு, பாவாடை விளிம்பில் கிடந்த கற்களைச் சாரெலே எடுத்துப் போட்டான். வளையின் அடைப்பு உதிரவில்லை. அவன் அதை ஒருமுறை பார்த்தான்.

"முயலுக்காக இல்ல," என்றான். "நாய்க்காக எறிஞ்சேன். அதைத் தெரிஞ்சுக்க."

"தெரியும்."

"உன்ன நான் மன்னிக்கல."

"நான் கேக்கவும் இல்ல. கையப் புடிச்சுத் தூக்கிவிடு. காலு மரத்துப்போச்சு."

அவன் தூக்கிவிட்டான். தூக்கிவிட்டு, எஞ்சிய கற்களோடு தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். மேட்டில் கல் பாவவில்லை.

இத்தோடு நீதி நிலைபெற்றது என்று முடித்துவிடலாம். முடித்தால் அதுவும் ஒரு பொய்.

திங்கட்கிழமை, செப்டம்பர் 21ஆம் நாள், மிஸ் அடோனிஸின் அறிக்கையின்பேரில் உழவு அனுமதி முப்பது நாளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. செவ்வாயன்று சாரெலுக்கும் ராகேலுக்கும், வேலையிலிருந்து நீக்கியதாகவும் அக்டோபர் முடிவுக்குள் வீட்டைக் காலிசெய்யும்படியும் பண்ணையிலிருந்து கடிதம் வந்தது. சாரெலுக்குச் சொல்லப்பட்ட காரணம், நாயைக் காயப்படுத்தியது. ராகேலுக்குச் சொல்லப்பட்ட காரணம், ஆட்டுக்குட்டிகளின் பாலை வீணாக்கியது. அவ்வாளியைக் கவிழ்த்தவர் எவரென்பது ஐந்து வீட்டுக்கும் தெரியும். புதனன்று வேறொரு தாள் அலுவலகத்துக்குப் போயிற்று: 'சனிக்கிழமை நாய்கள் கிளப்பியது காட்டுமுயல். அதன் வால் வெள்ளை. நாங்கள் அனைவரும் நேரில் கண்டோம்.' அதன்கீழே கையெழுத்திட்டிருந்தவர்கள், வரிசையில் நடந்தவர்களுள் ராகேலும் சாரெலும் நீங்கலாக மற்றப் பன்னிரண்டு பேரும். கையெழுத்து வாங்கும்போது பாஸ் கூரைத் தகரத்தைக் காட்டினாராம். உண்மையாகவே வாங்கி, கொட்டகையில் அடுக்கி வைத்திருக்கிறார். பளபளவென்று இருக்கிறது.

டீனா அன்று மாலை ராகேலின் வாயிலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"எனக்கு மூணு புள்ளைங்க, ராகேலக்கா. மழை வந்தா மூணும் மேசைக்கு அடியில தூங்குது. உனக்கு முயலு பெருசு. எனக்கு அது பெருசில்ல."

"நீ பார்த்தது என்ன வாலு, டீனா?"

"வெள்ளை" என்றாள் டீனா. சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள். "நீ நாசமாப் போக! ஏன் என்னக் கேக்கற? ஏன் எல்லாரையும் கேட்டுக்கிட்டே இருக்க?"

ராகேல் அவளுக்குக் காப்பி ஊற்றிக் கொடுத்தாள். டீனா அதை வாங்கிக்கொள்ளாமல் போனாள்.

கலப்பை ஆற்றங்கரையில் மசகிட்டு நிறுத்தப்பட்டிருக்கிறது. தாய்முயல் திரும்பி வந்திருக்கிறது. அடுத்த சனிக்கிழமை ராகேல் கூட்டப் போனபோது அடைப்பின் மண் ஈரமாக, புதிதாகப் பூசப்பட்டிருந்தது. ஒருபுறம் பன்னிரண்டு கையெழுத்துகள். மறுபுறம் வேலை நீக்கப்பட்ட இருவரும், இளையவள் என்று ஏளனம் செய்யப்படும் ஓர் அதிகாரியும். கரூவுக்கு வெளியிலுள்ளவர்களின் கருத்தையும் அக்டோபர் 21ஆம் நாள்வரை எழுத்தில் ஏற்போம் என்று அலுவலகம் அறிவித்திருக்கிறது. இதுவரை ஒரு கடிதமும் வரவில்லையாம்.

ஆகவே, இதைப் படிக்கும் உங்களிடம் கேட்பது இரக்கமன்று. இரக்கத்தை முயல் தின்னாது. ராகேல் அதைக் கூரையாகப் போட முடியாது. ஒரு தாளை எடுங்கள். பிட்டர்பட்ஸ் ஆற்றங்கரையை, கல்லறையும் உட்பட, ஓரடி விடாமல் மறுபடி நடந்து பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள். அதுவரை கலப்பை இறங்கலாகாது என்று எழுதுங்கள். உண்மை சொன்னவளையும் தாயின் கல்லறையைக் காத்தவனையும் வீட்டைவிட்டு வெளியேற்றலாகாது என்றும், கூரைத் தகரத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கக் கூடாது, கூரையைக் கூரையாகவே போட்டுத்தர வேண்டும் என்றும் எழுதுங்கள். 'பரிசீலிக்கலாம்', 'ஆவன செய்யலாம்' என்ற மழுப்பல்கள் வேண்டா. 'வேண்டும்', 'கூடாது' என்றே எழுதுங்கள். கீழே உங்கள் முழுப்பெயரையும் முகவரியையும் தெளிவாக எழுதி, இன்றைய அஞ்சலிலேயே சேர்த்துவிடுங்கள்.